மூன்றாவது போட்டோவுக்காகக் கோவில்பட்டிக்கு

கோவில்பட்டிக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. நானும் போகவில்லை, அனுப்பி வைக்கப்பட்டேன். போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அங்கே இருந்தேன். போய் வந்த பிறகு, இந்த ஊரைப் பற்றி ஒரு பதிவு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது. கழுகுமலைக்குப் போக வழி கேட்டு இங்கே இரண்டு பேர் பின்னூட்டம் போட்டிருந்தீர்கள். அதற்கான விவரமும் இதிலேயே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பல விளையாட்டுகள் ஒரே ஊரில் சேர்ந்து நடக்கும் பன்னாட்டுப் போட்டிகளுக்கு நம் நாட்டு வீரர்களை அனுப்பி வைக்கும் தேசிய அமைப்பின் டெல்லி அலுவலகத்தில் இருக்கிறேன். பெயர் போட மாட்டேன், சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. நாங்கள்தான் ஆள் தேர்ந்தெடுக்கிறோம் என்று என் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அதை அந்தந்த விளையாட்டுச் சங்கங்கள் செய்கின்றன. அவர்கள் தரும் பட்டியலை வாங்கி, போட்டி நடத்தும் ஊருக்கு அனுப்பி, டிக்கெட், கோட்டு, படுக்க இடம் என்று எல்லாம் ஏற்பாடு செய்வது நாங்கள். இதில் என் பங்கு கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அது இல்லாமல் எப்பேர்ப்பட்ட வீரரும் வாசலைத் தாண்ட முடியாது. அந்த அட்டையில் இருக்கும் முகம் சரியான முகமா என்று பார்ப்பதுதான் பதினொரு வருடமாக என் பிழைப்பு.

அந்த வருடப் பெண்கள் ஹாக்கி அணியில் மாரீஸ்வரி என்று ஒரு தடுப்பாட்டக்காரி. ஊர் கோவில்பட்டி, பயிற்சி முகாமுக்கு நடுவே விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவை, பாஸ்போர்ட்டில் உள்ள ஆளும் இவளும் வேறு வேறு என்று சொல்லிப் போட்டி நடத்துபவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு இருந்தது. போட்டோவில் தழும்பும் இல்லை, பெண்ணின் நிறமும் இல்லை. வேறு அனுப்பச் சொன்னோம். கூரியரில் இரண்டாவது வந்தது. முதலில் வந்ததைவிட அது இன்னும் வெள்ளையாக இருந்தது! அதுவும் திரும்பியது. மூன்றாவதுதான் கடைசி, வியாழன் மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் அவள் பெயரை எடுத்துவிட்டு மாற்று வீராங்கனையைப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அப்போது விடுமுறையில் சென்னையில் இருந்தேன். மேலதிகாரி போன் செய்து, "நீங்கள் தமிழ்நாட்டில்தானே இருக்கிறீர்கள், ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அவருக்கு விந்தியமலைக்குத் தெற்கே எல்லாம் ஒரே தெரு. அந்த ஓர் எட்டு ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர்.

எழும்பூரிலிருந்து திருநெல்வேலி போகும் ரயிலில் படுக்கை வசதி டிக்கெட் 248 ரூபாய். காலை 7.20க்குக் கோவில்பட்டியில் இறங்கினேன், அரை மணி தாமதம். சாத்தூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். உழுது போட்ட கரிசல் நிலம் இரண்டு பக்கமும் கறுப்பாக விரிந்து மழைக்குக் காத்திருக்கும். நான் காவிரிக்கரைக்காரி. பச்சை இல்லாத நிலத்தை இவ்வளவு நேரம் அலுக்காமல் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் லாட்ஜ், ஒற்றை அறை 200 ரூபாய். தண்ணீர் காலை எட்டு வரைதான் வரும். இதை அறை எடுத்த பிறகுதான் சொல்வார்கள்.

மாரீஸ்வரி வீடு என்று சொல்லி முகவரியை நீட்டியதும் ஆட்டோக்காரர் சீட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

"ஹாக்கிப் புள்ள வீடுதான? இப்ப வீட்டுல இருக்காதும்மா. கிரவுண்டுலதான் நிக்கும். ஏறுங்க, அங்கனயே விடுதேன்."

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"என்ன இப்படிக் கேக்குதீங்க? நானும் லெப்ட் அவுட்டு ஆடுனவன்தான். முழங்கால் போச்சு, அதான் ஆட்டோ." இருபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, மைதானத்து வாசலில் பத்து நிமிடம் நின்று ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் போனார். அதன் பிறகு இரண்டு நாளில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் நான் பேசிய ஆண்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் இடத்தில் ஆடியவர்கள். மற்ற ஊர்களில் கிரிக்கெட் மட்டையோடு திரியும் பையன்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, சைக்கிள் கேரியரில் ஹாக்கி மட்டை செருகிப் போகிறவர்களைப் பார்க்கப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

தரை கறுத்து இறுகிக் கிடந்தது. ஓரங்களில் வெடிப்பு. பதினைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், அதில் பெண் இவள் ஒருத்திதான். வருகிற பந்தையெல்லாம் குனிந்து மட்டையைத் தரையோடு படுக்க வைத்து நிறுத்தினாள். ஒரு பந்து வெடிப்பில் பட்டுத் திசை மாறி எகிறியது. அதையும் நிறுத்தினாள். எனக்கு ஹாக்கி தெரியாது, ஆனாலும் கையைத் தட்டிவிட்டேன். ஆட்டம் நின்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. "என் பேர எடுத்துட்டாங்களா மேடம்?" என்றாள்.

"இன்னும் இல்லை. ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது."

வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், நடந்தே போனோம். இந்தத் தரையில் எப்படி ஆடுகிறாய் என்று கேட்டேன். "கேம்ப்ல போடுத செயற்கைப் புல்லுல பந்து சொன்ன பேச்சு கேக்கும் மேடம். இங்கன கேக்காது. அதனால இங்கன பழகுனவங்க பந்துல இருந்து கண்ண எடுக்க மாட்டோம்" என்றாள். தழும்பு பற்றிக் கேட்டதற்கு, "பந்து பட்டுட்டு, மூணு வருஷமாச்சு, ஏழு தையல்" என்று முடித்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர், அன்று குஜராத் பக்கம் எங்கேயோ இருந்தார். அம்மா பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். அந்தப் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். நான் வருவது தெரிந்து லீவு போட்டிருந்தார். இட்லியும் கடலைச் சட்னியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மாரீஸ்வரி படிவங்களில் கையெழுத்துப் போட்டு முடித்தாள். இனி போட்டோ. "வழக்கமா எடுக்குத கடைதான்" என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஸ்டுடியோ பஜாரில், மாடியில். நடத்துபவர் சண்முகவேல் அண்ணாச்சி. ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். கம்ப்யூட்டர் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறதாம், அதன் மேல் கல்யாணப் புடவை மாதிரி ஒரு ஜரிகைத் துணி போர்த்தியிருந்தார். நான் தெளிவாகச் சொன்னேன்: வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, எதையும் திருத்தக் கூடாது, தழும்பு அப்படியே தெரிய வேண்டும். தலையைப் பலமாக ஆட்டினார். படம் எடுத்தார். பிரிண்ட் போட ஒரு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். அம்மா ஒரு வேலை இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டார். நானும் மாரீஸ்வரியும் பக்கத்து ஓட்டலில் 25 ரூபாய் சாப்பாடு சாப்பிட்டோம். குழம்பு காரம், ஜாக்கிரதை.

ஒன்றே முக்காலுக்குத் திரும்பிப் போனால் எட்டு போட்டோவை வெட்டி உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். பிரித்தேன். தழும்பைக் காணோம். கன்னம் இரண்டும் மைதா மாவு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அண்ணாச்சி, நான் தமிழில்தானே சொன்னேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. லேசாத்தான் தொட்டேன்."

"லேசாகவா? இவள் யார் என்று எனக்கே தெரியவில்லை!"

"நாப்பது வருஷமா என் கடையில இருந்து ஒரு மொகங்கூடக் கறையோட வெளிய போனது கிடையாது. பக்கத்து ஊருக்குப் போற போட்டாவையே தொடச்சுத்தான் குடுப்பேன். இது வெளிநாட்டுக்குப் போவுது. நம்ம ஊர்ப் புள்ள, நாலு தேசத்துக்காரன் பாப்பான். அப்படியே விடச் சொல்லுதீங்களே, மனசு கேக்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மனிதர் மூன்று முறையும் அவளை அழகாக அனுப்பி வைக்கத்தான் பார்த்திருக்கிறார். அந்த அன்பால் அவள் இடமே போகப்போகிறது என்று எப்படி விளக்குவது? நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் சொன்னார்.

"அண்ணாச்சிய வையாதீங்க. நாந்தான் தழும்ப எடுக்கச் சொன்னேன். மூணு தடவையும் நாந்தான்."

"யம்மா!" என்றாள் மாரீஸ்வரி.

"நீ சும்மா இருட்டி." பிறகு என்னிடம் திரும்பினார். "கழுகுமலையில ஒரு எடம் பேசிக்கிட்டு இருக்கோம். நல்ல குடும்பம். இந்த போட்டாவத்தான் குடுத்திருக்கோம். உங்க ஆபீஸ் போட்டா பேப்பர்ல வரும்லா? அதுல வெட்டோட இருந்தா, ஏமாத்திட்டோம்னு நினைக்க மாட்டாவளா?"

பெண் பார்க்க வரும்போது தெரியத்தானே போகிறது என்றேன்.

"நேர்ல பாத்தா எம்புள்ளைய ஒருத்தரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. போட்டாவப் பாத்தே வேண்டாம்னுட்டா நேர்ல எப்படி வருவாங்க? முந்தி ரெண்டு எடம், வெட்டோட உள்ள போட்டாவக் குடுத்து அப்படியே திரும்பி வந்துட்டு."

அலுவலக மேஜையில் உட்கார்ந்துகொண்டு, போட்டோவைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாத கூட்டம் என்று இவர்களை நான் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மாரீஸ்வரிதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "யம்மா, ஆறு மணிக்கு மேல என் பேரு இருக்காது. கேம்ப்ல பதினாறு பேருல ஒருத்தியா வாரதுக்கு நாலு வருஷம் ஓடியிருக்கேன். இந்த வெட்டு இல்லாத மொகத்த நீ அங்க அனுப்புனா அவ வேற யாரோ. அவ போயி ஆடட்டும், நான் இங்கனயே இருக்கேன்."

பேச்சியம்மாள் என் கையிலிருந்த உறையை வாங்கி மூடினார். பிறகு, "அண்ணாச்சி, இன்னொண்ணு எடுங்க" என்றார். "தொடாதீங்க."

இந்த முறை நான் அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திரையில் முகம் வந்தது. கறுப்பு, வியர்வை, புருவத்தில் வெட்டு, நேரான பார்வை. எனக்கு அது போதும் போல இருந்தது. அண்ணாச்சியின் கை மவுஸைச் சுற்றிச் சுற்றி வந்தது. "கை பரபரங்குதும்மா" என்றார். கடைசியில் கெஞ்சினார்: "பின்னாடி செவுத்துல ஒரு புள்ளி இருக்கு, அத மட்டும் எடுத்துக்கிடட்டா?" எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நாற்பது வருடப் பழக்கத்துக்கு ஒரு புள்ளியாவது தர வேண்டாமா? எட்டுப் பிரதி 40 ரூபாய். எனக்கும் இந்தியாவுக்கும் பாதி விலை என்று 20தான் வாங்கினார்.

இரண்டரைக்குக் கரண்ட் போனது. ஊரில் அந்த வாரம் தினமும் இரண்டு மணி நேரம் மின்தடை என்பதையும் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பிரவுசிங் சென்டர் வாசலில் நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். நான் கைக்கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. நாலு முப்பத்தைந்துக்கு மின்விசிறி சுற்றியது. படத்தையும் படிவத்தையும் ஸ்கேன் செய்து 5.10க்கு டெல்லிக்கு அனுப்பினேன். மணிக்கு 20 ரூபாய், ஸ்கேன் ஒன்றுக்கு 10. ஐந்தரைக்கு மேலதிகாரி போன் செய்தார். அவர்களுக்கு அனுப்பிவிட்டோம், பதில் நாளைதான் வரும் என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு மாலை வரை வேலை இல்லை. கழுகுமலைக்குப் போகலாம் என்று காலை 8.15க்குப் பேருந்து நிலையம் போனேன். கழுகுமலை வழியாகப் போகும் சங்கரன்கோவில் பஸ்ஸில் பேச்சியம்மாள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, கையில் ஸ்டுடியோ உறை.

"நீங்களும் சாமி கும்பிடவா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மாப்பிள்ள வீட்டுக்கு. பேப்பர்ல பாக்குததுக்கு முன்னாடி நானே கொண்டு போய்க் காட்டிருதேன். வேண்டாம்னு சொல்லுததா இருந்தா சரியான மொகத்தப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

"மாரீஸ்வரிக்குத் தெரியுமா?"

"அவ கிரவுண்டுக்குப் போய்ட்டா. சொன்னா தடுப்பா. தடுக்குததுதான அவ வேல?" என்று சிரித்தார். ஆனால் வழி முழுக்க அந்த உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வந்தார். இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், ஏழு ரூபாய். கழுகுமலை நிறுத்தத்தில், பதினொன்றரை பஸ்ஸுக்கு இங்கேயே சந்திக்கலாம் என்று சொல்லிப் பிரிந்தோம்.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே கொடுத்துவிடுகிறேன், கடைசியில் அதற்கு மனம் வராது. மலை ஏறுவதைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், பாறை சுடும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழாகப் பாறையைக் குடைந்து செய்திருக்கிறார்கள். வேலை முடியவில்லை, ஆனாலும் முடிந்தவரை அபாரம். அதைத் தாண்டி வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். அவசரப்படாமல் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். கோவில்பட்டியில் இன்னொரு நாள் இருந்தால் எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர்தான், எனக்கு வாய்க்கவில்லை. கடலைமிட்டாய் வாங்காமல் ரயில் ஏறாதீர்கள். காலையில் ஹாக்கி மைதானம் பக்கம் ஒரு நடை போங்கள், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் வேறு ஊரில் எடுத்துக்கொள்ளுங்கள், அழகாகத் தெரிய வேண்டுமென்றால் சண்முகவேல் அண்ணாச்சியிடம் போங்கள்.

பாறை நிழலில் உட்கார்ந்திருந்தபோது, 10.50க்கு, கைபேசியில் டெல்லியிலிருந்து குறுஞ்செய்தி: படம் ஏற்கப்பட்டது, அட்டை உறுதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான முகங்களுக்குச் சரி போட்டிருக்கிறேன். ஒரு முகமாவது எந்த வீட்டிலிருந்து, எதையெல்லாம் தாண்டி என் மேஜைக்கு வந்தது என்று யோசித்ததில்லை. அணிவகுப்பில் கொடிக்குப் பின்னால் அவர்கள் நடக்கும்போது தொலைக்காட்சியில் பார்த்து எல்லோரும் பெருமைப்படுகிறோம். எனக்கு அந்தப் பெருமை அன்று, அந்த மலை மேல், யாரும் இல்லாத இடத்தில் வந்தது. உடனே மாரீஸ்வரி வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து தகவல் சொல்லச் சொன்னேன். கடைக்காரர் போனை வைக்காமலே தெருவுக்கு ஓடுவது கேட்டது.

பதினொன்றரை பஸ் வந்து போய்விட்டது. பேச்சியம்மாள் வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெயிலில் நடந்து வந்தார். கையில் உறை இல்லை. அட்டை உறுதியான செய்தியைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, ஊர் எல்லை தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"அவர்கள் என்னதான் சொன்னார்கள்?"

"பையனோட அப்பா போட்டாவ வாங்கிக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. இது எப்படிப் பட்டுச்சுன்னாரு. கடைசி நிமிஷம், எதிர் டீமுக்குப் பெனால்டி கார்னரு, இவ கோல்ல தடுக்க நின்னா, பந்து நேரா மொகத்துக்கு வந்துட்டுன்னு சொன்னேன்."

"அதற்கு?"

"பந்து கோலுக்குள்ள போச்சான்னு கேட்டாரு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"போகலன்னேன்" என்றார் பேச்சியம்மாள். "அப்ப பொண்ணு பாக்க வாரோம்னுட்டாரு."